அடியெடுத்துக் கொடுத்தவன்

முதலில் நான் பார்த்தது அவள் அடிகளைத்தான்.
மேடை விளிம்பில் சிப்பிபோல் கவிழ்த்த மரக்கூண்டுக்குள்
கழுத்தளவு புதைந்து வசனம் ஊதுகிறவனுக்கு
நடிகர்கள் எல்லோரும் காலணியில்தான் தொடங்குகிறார்கள்.
அவளுடையது கறுப்பு. இடது குதி தேய்ந்தது.
வெராக்ரூஸில் கப்பலைவிட்டு இறங்கி
மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒப்துலியா சிஃபுவெந்தெஸ் என்று
சுவரொட்டியை வாசித்துக் காட்டினேன்.
"தி" என்றாள். "திஃபுவெந்தெஸ்."
நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்த்தது,
சர்க்கரை கடன் கேட்க வந்து
கூச்சப்பட்டுத் திரும்பும் புதுக் குடித்தனக்காரிபோல.
மெக்சிகோவில் அந்த எழுத்தை நாங்கள்
'சி' என்றுதான் கூப்பிடுவோம்.

கம்பெனி அவளுக்குக் கொடுத்தது
மூன்றாம் அங்கத்து அத்தை.
கதாநாயகி அழும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும்,
அவ்வளவுதான்.
அவள் சாத்தியதும்
அரங்கில் சால்வைகள் இழுபடும் ஓசையை
என் முதுகால் கேட்டிருக்கிறேன்.

பிறகு சினிமா வந்து கூட்டிப்போனது.
இயக்குநர் உர்கிதி முதல் நாளே சட்டம் போட்டார்:
தாய் வேடமென்றால் எங்களைப்போல் பேசு,
வில்லியென்றால் உன்னைப்போல் பேசு.
வேலைக்காரியைப் பட்டினி போட்ட பண்ணைக்காரி,
கடிதங்களை எரித்த மடத்துத் தலைவி,
வட்டிக்காரி, மருமகளின் காப்பியில் எதையோ கலக்கியவள்,
இவர்களுக்கெல்லாம் அவள் பிறந்த ஹிஹோனின் நாக்கு.
நல்லவர்களுக்கு இரவல்.
கெட்டவளாக இருக்கும்போது மட்டும்
ஊருக்குப் போய்வந்தாள்.

கூண்டுகளை மூடினார்கள்.
நடிகர்கள் மனப்பாடம் செய்தாக வேண்டுமாம்.
நான் பல்பு கடையில் சேர்ந்தேன்,
விற்குமுன் ஒவ்வொன்றையும் எரியவைத்துக் காட்டும் வேலை.
ஞாயிறு மதியக் காட்சிகளில் அவள் சாவதைப் பார்த்தேன்.
பதினேழு முறை.
தீயில் இரண்டு, மாடிப்படியில் ஒன்று, காளை முட்டி ஒன்று,
மற்றதெல்லாம் மனசாட்சி.
பதினெட்டு என்பாள் என் தங்கை எதெல்வினா.
அது வெறும் மயக்கம்.

சந்தையில் தக்காளிக்காரி ஒருத்தி
மீதிச் சில்லறையைத் தரமாட்டேன் என்றாளாம்:
"முதலில் சொல், அந்தப் பிள்ளையை என்ன செய்தாய்?"
ஒப்துலியா சிரிக்கவில்லை.
"நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான்" என்றாள்.
சில்லறை கிடைத்தது. கூடவே கொத்துமல்லியும்.

புத்தாண்டு இரவுகளில் அகதிகள் சங்கத்தில்
"அடுத்த வருஷம் ஊரில்" என்று கோப்பை தூக்குவார்கள்.
மணி ஒன்றுக்கு ஒரு திராட்சையாகப் பன்னிரண்டு விழுங்க வேண்டும்.
அவள் பதினொன்றோடு நிறுத்திவிடுவாள் என்று
உடை தைக்கும் செனைதா சொல்லியிருக்கிறாள்.
ஏன் என்று கேட்டால்,
"வியாழக்கிழமை படப்பிடிப்பு இருக்கிறது."

தொலைக்காட்சியில் நேரடி நாடகம் வந்த காலம்.
ஓர் இரவு, தாய் வேடம்.
சிறைக்குப் போகும் மகனுக்கு ரொட்டி சுற்றித் தர வேண்டும்.
காகிதத்தை மடித்தாள்.
மடித்தாள்.
பிரித்து, மறுபடி மடித்தாள்.
வசனம் வரவில்லை.

அந்த நாடகம் எனக்குத் தெரியும்,
நாற்பத்தொரு இரவு ஊதியது.
சூப் கரண்டியும் கையுமாக நாற்காலியிலிருந்து
அடியெடுத்துக் கொடுத்தேன்:
"குளிரினால், மகனே..."
எதெல்வினா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒப்துலியா நிமிர்ந்தாள்.
எந்தப் பிரதியிலும் இல்லாததைச் சொன்னாள்:
"ஐந்து நாள் வரும். கடைசி நாள் ஓரத்தைக் கடிக்காதே,
கல்லாகியிருக்கும். நனைத்துத் தின்னு."
ஐந்துக்கு எங்கள் 'சின்கோ' இல்லை.
தின்கோ.
நாக்கு நுனி வெளியே வந்து
அவசரமில்லாமல் நின்றது.

யாருக்கு, எந்தச் சிறை வாசலில்
முதலில் சொன்னாளோ அதை.

"ரொட்டியில் விஷம்" என்றாள் எதெல்வினா,
"பேச்சைக் கேட்டாயா?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சோப்பு விளம்பரம் வந்தது, போனது.
இரண்டாம் அங்கம் முடிந்தது.
தூக்கம் கண்ணைச் சுழற்ற, முடியும்வரை
உட்கார்ந்தே இருந்தாள் என் தங்கை.
அந்தப் பையன் சாகவேயில்லை.